ஓக்லாலா லக்கோட்டா கவுன்ட்டியின் வருமானக் கணக்கு: எங்கெல்லாம் சிக்கும்?

வேலை முடிந்து அட்டவணையை அனுப்பியாகிவிட்டது. ஆனாலும் ஆற்றாமை தீரவில்லை. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டாவில், பைன் ரிட்ஜ் பழங்குடிப் பகுதிக்குள் முழுதாக அடங்கிய கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) இது. நாட்டிலேயே மிக ஏழ்மையான கவுன்ட்டிகளில் ஒன்று. அங்கே ஒரு வீட்டு வசதித் திட்டத்துக்கு நிதி கேட்ட விண்ணப்பத்தில், 1989 முதல் வீட்டு வருமானத்தின் இடைநிலை (வீடுகளை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம்) எப்படி மாறியது என்று காட்ட வேண்டியிருந்தது.

ஓர் ஆலோசகர் தயாரித்த எக்செல் கோப்புதான் முதலில் கைக்கு வந்தது. அதில் 2015 முதல் இந்தக் கவுன்ட்டிக்கான கட்டங்கள் காலி. கீழே 'தரவு இல்லை' என்று ஒரு குறிப்பு. தரவு இருக்கிறது! பெயர்தான் மாறியிருக்கிறது. ஷானன் கவுன்ட்டி என்று இருந்ததை 2014 நவம்பரில் மக்கள் வாக்களித்து மாற்றினார்கள். 2015 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. கவுன்ட்டிகளுக்கான மத்திய அரசுக் குறியீட்டு எண்கள் அகரவரிசையில் போகும். அதனால் ஷானனின் 46113 போய், மூடி கவுன்ட்டிக்கும் பென்னிங்டன் கவுன்ட்டிக்கும் நடுவில் காலியாக இருந்த 46102 வந்தது. எண்ணை மட்டும் வைத்துக் கோப்புகளை இணைத்தால் கவுன்ட்டி சத்தமில்லாமல் விழுந்துவிடும். நிதி மிகவும் தேவைப்படும் ஊரே பட்டியலில் காணாமல் போவது சின்ன விஷயமா? இணைப்பதற்கு முன்பே பழைய எண்ணைப் புதியதாக மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஒரு வீண் அலைச்சல். 'மாநிலத்தின் வரிக் கணக்கில் ஆண்டுவாரியாகக் கிடைக்கும்' என்று ஒருவர் உறுதியாகச் சொல்ல, மாநில வரி அலுவலகத்துக்கு நெடுந்தூரம் வண்டி ஓட்டிப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. 'இந்த மாநிலத்தில் தனிநபர் வருமான வரியே கிடையாது' என்றார். அது உண்மைதான். அதை முதல் நாள் தொலைபேசியில் கேட்டபோதே சொல்லியிருக்கலாம்.

1989, 1999 ஆண்டுகளின் எண்கள் 1990, 2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் நீண்ட படிவத்திலிருந்து (ஒரு பகுதி வீடுகளிடம் மட்டும் வருமானம் போன்றவற்றைக் கேட்ட படிவம்) சிரமமில்லாமல் கிடைத்தன. அந்தப் படிவம் 2000-த்தோடு நின்றுவிட்டது. அப்புறம் ஏ.சி.எஸ். என்கிற அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேதான் (சென்சஸ் பீரோ என்கிற மத்திய அரசின் கணக்கெடுப்புத் துறை தொடர்ந்து நடத்தும் மாதிரிக் கணக்கெடுப்பு). 65,000 பேருக்குக் குறைவான கவுன்ட்டிக்கு அதில் ஓராண்டு மதிப்பீடு வராது. இங்கே 2020 கணக்குப்படி 13,672 பேர்தான். ஆக, ஐந்து ஆண்டுகளின் பதில்களைச் சேர்த்துக் கணிக்கும் ஐந்தாண்டுத் தொகுப்பு ஒன்றே வழி.

ஆலோசகரின் கோப்பு என்னை மிகவும் கோபப்படுத்தியது இங்கேதான். 2009–2013, 2010–2014 என்று ஒவ்வொன்றையும் ஓர் ஆண்டின் வருமானமாகக் கருதி 'இந்த ஆண்டு ஏற்றம், அந்த ஆண்டு இறக்கம்' என்று கோடு போட்டிருந்தார்கள். அந்த இரண்டு தொகுப்புகளிலும் நான்கு ஆண்டுகள் பொது. ஒன்றின்மேல் ஒன்று படியாத 2005–2009, 2010–2014, 2015–2019 தொகுப்புகளை மட்டும் ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றும் அதன் கடைசி ஆண்டின் டாலரில் இருக்கும். விலைக் குறியீட்டை வைத்து எல்லாவற்றையும் ஒரே ஆண்டின் டாலருக்குக் கொண்டுவந்த பிறகே கையில் எடுங்கள்.

ஒவ்வொரு மதிப்பீட்டோடும் வரும் பிழை வரம்பை (எண் எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பதை) விட்டுவிடாதீர்கள். அது 90 சதவீத நம்பகத்துக்கானது, 1.645-ஆல் வகுத்தால் திட்டப்பிழை கிடைக்கும். ஒப்பிடும் இரண்டு தொகுப்புகளின் திட்டப்பிழைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். இரு இடைநிலைகளின் வித்தியாசம் அதைப்போல 1.645 மடங்கைத் தாண்டாவிட்டால் வருமானம் மாறியது என்று சொல்ல முடியாது. சின்ன கவுன்ட்டியில் இந்தச் சோதனை பல 'ஏற்றங்களை' ஒழித்துக்கட்டும்.

ஆண்டுக்கு ஓர் எண் வேண்டும் என்று நிதி தருபவர்கள் விடாப்பிடியாக நின்றால் சென்சஸ் பீரோவின் எஸ்.ஏ.ஐ.பி.இ. மதிப்பீடு (சிறு பகுதிகளின் வருமானம், வறுமைக்கான ஆண்டு மதிப்பீடு) உண்டு. அது சர்வேயோடு மத்திய அரசின் வருமான வரிப் பதிவுகளையும் உணவு உதவித் திட்டத்தின் எண்ணிக்கையையும் சேர்த்துப் புள்ளியியல் மாடல் வழியாகக் கணிப்பது. 2005-இல் அதன் அடிப்படை சர்வே மாறி ஏ.சி.எஸ். ஆனது. வரைபடத்தின் கோட்டை அந்த ஆண்டில் துண்டித்துக் காட்டுங்கள். சேர்த்து இழுத்தால் வராத மாற்றம் வந்தது போலத் தெரியும்.

இன்னொரு வம்பு: பழங்குடிப் பகுதி பென்னட், ஜாக்சன் கவுன்ட்டிகளிலும் நீள்வதால் மூன்றுக்கும் சேர்த்து ஓர் எண் கேட்டார்கள். கோப்பில் மூன்று இடைநிலைகளையும் கூட்டி மூன்றால் வகுத்திருந்தது. இடைநிலைக்கு அது செல்லாது. ஏ.சி.எஸ்.-இன் பி19001 அட்டவணையின் 16 வருமானப் பிரிவுகளிலும் உள்ள வீடுகளை மூன்று கவுன்ட்டிகளுக்கும் கூட்டி, பாதி வீடு எந்தப் பிரிவில் விழுகிறதோ அதற்குள் நடு வீடு எந்த இடத்தில் வரும் என்று விகிதப்படி இடைச்செருகிக் கணக்கிட வேண்டும். ஜாக்சன் கவுன்ட்டியின் தென்பகுதிதான் பழங்குடிப் பகுதிக்குள் வருகிறது என்பதையும் அடிக்குறிப்பில் எழுதினேன்.

பரிசீலனைக் கூட்டத்தில் பிழை வரம்போடு போட்ட அந்த வரைபடத்தை நீக்கச் சொல்வார்கள் என்று பயந்தேன். நீக்கச் சொல்லவில்லை. 2015 முதல் காலியாகக் கிடந்த கட்டங்கள் இப்போது நிரம்பியிருக்கின்றன, ஷானன் என்ற பழைய பெயரும் பக்கத்திலேயே இருக்கிறது.