சந்தை விலை மிஞ்சிவிட்டதா?

பங்குச் சந்தை தன் மதிப்புக்கு மேல் விலைபோகிறதா என்று பார்க்கப் பலரும் முதலில் எடுப்பது விலை-வருவாய் விகிதத்தைத்தான்; அதாவது, பங்கின் விலை அதன் ஓராண்டு இலாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதை. அந்த ஓர் எண்ணை மட்டும் நம்புவது ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. 2009 மார்ச்சில் அமெரிக்காவின் பெரு நிறுவனப் பங்குகளை அளக்கும் எஸ் அண்ட் பி 500 குறியீடு உச்சத்திலிருந்து பாதிக்கு மேல் சரிந்து கிடந்தபோது, நிறுவனங்களின் இலாபம் அதைவிட வேகமாகக் கரைந்திருந்ததால், அந்த விகிதம் எகிறிப்போய்ச் சந்தை மிகவும் விலையேறியிருப்பதாகக் காட்டியது. உண்மையில் அது வாங்குவதற்கு மிக நல்ல காலங்களுள் ஒன்று.

இக்குறையைப் போக்கவே பொருளியல் அறிஞர் ராபர்ட் ஷில்லர், பணவீக்கத்தைச் சரிசெய்த பத்தாண்டுச் சராசரி இலாபத்தால் விலையை வகுக்கும் முறையைப் பரவலாக்கினார். 1999 டிசம்பரில் இந்த ஷில்லர் விகிதம் ஏறத்தாழ 44-ஐத் தொட்டது. 2000 மார்ச் முதல் 2002 அக்டோபர் வரை குறியீடு கிட்டத்தட்டப் பாதியை இழந்தது. ஆனால் 1996 இறுதியிலேயே ஷில்லர் விகிதம் 25-ஐத் தாண்டியிருந்தது. அப்போதே அனைத்தையும் விற்று வெளியேறியவர், மூன்று ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்த ஏற்றத்தை வெளியே நின்று பார்க்க வேண்டியிருந்திருக்கும். ஆகவே அந்த விகிதம் சரிவின் தேதியைச் சொல்லாது. நீண்டகால ஆதாயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளவே சொல்கிறது.

வட்டியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். விகிதம் 25 என்றால் நூறு ரூபாய் முதலீட்டுக்கு இலாபம் நான்கு ரூபாய். அரசுப் பத்திரம் ஆறு தரும்போது, இலாபம் வேகமாக வளரும் என்ற நம்பிக்கைக்கே மீதி விலையைக் கொடுக்கிறோம்.

இவற்றைவிட நான் பெரிதும் மதிப்பது, நிறுவனங்களை ஒவ்வொன்றாக அலசும்போது முதலீட்டு அறிஞர் பெஞ்சமின் கிரஹாம் வலியுறுத்திய பாதுகாப்பு இடைவெளியோடு, அதாவது உண்மை மதிப்பைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில், கிடைப்பவை எத்தனை என்பதைத்தான். அவை அருகிவிட்டால், வாங்குவதற்கு அதிகம் இல்லாததால் கையிருப்புப் பணம் தானாகவே கூடிவிடுகிறது.