வால் உள்ள வியாபாரி

மச்சானுக்கு வால் என்றாலே இளக்காரம். தை அமாவாசைக்குச் சேதுக்கரையில் திதி கொடுக்கத் திருச்சியிலிருந்து வந்தவர், ராமநாதபுரம் ஸ்டேஷனில் காரில் ஏறியதிலிருந்தே வாலில்லாக் குரங்குகளின் பெருமையை ஆரம்பித்துவிட்டார். சிம்பன்சி, போனோபோ, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன். ஒன்றுக்கும் வால் கிடையாது. “வாலுக்குப் போற சத்தெல்லாம் மூளைக்குப் போயிருக்கு மாப்ளே” என்றார். எந்த டாக்டர் சொன்னாரோ!

ஒமாஹா ஒராங்குட்டான் கதையை மட்டும் காது கொடுத்துக் கேட்டேன். 1968-ல் அமெரிக்காவின் ஒமாஹா மிருகக்காட்சிச் சாலையில் ஃபூ மஞ்சு என்று ஒன்று அடிக்கடி அடைப்பை விட்டு வெளியே வந்துவிடுமாம். ஊழியர்கள்தான் பூட்ட மறக்கிறார்கள் என்று மேலதிகாரிக்குச் சந்தேகம். கடைசியில் பார்த்தால், ஒரு கம்பித் துண்டை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒளித்து வைத்திருந்து, ஆள் இல்லாத நேரத்தில் தாழ்ப்பாளை நெம்பியிருக்கிறது.

“நம்ம ஊர்க் குரங்குக்கு இதெல்லாம் வருமா? வாழைப்பழத்தைப் பிடுங்கத்தான் தெரியும்.”

திதி முடிந்து, பனங்கிழங்கு விற்கும் ஆத்தா பக்கத்தில் நிழலில் உட்கார்ந்தோம். வந்தது ஒரு நாட்டுக்குரங்கு. தென்னிந்தியாவை விட்டால் வேறெங்கும் இல்லாத இனம்; உச்சியில் நடுவகிடு எடுத்த மாதிரி முடி. பின்னாலிருந்து வந்து மச்சானின் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டது. பிடுங்கியது என்று சொல்ல மாட்டேன், அவ்வளவு பதமான கை.

ஓலைக் கொட்டகை மேல் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை நக்கிப் பார்த்தது. காதில் மாட்டும் காம்பைக் கடித்தது. கண்ணாடி இல்லாவிட்டால் மச்சானுக்கு எதுவும் தெரியாது. “ராசா, குடுத்துருப்பா” என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தது, கொட்டகையின் அந்தக் கோடியில் காய்ந்த பழுப்புத் துண்டிடம்.

நான் வாழைப்பழம் நீட்டினேன். வாங்கித் தின்றது, கண்ணாடியை விடவில்லை. பனங்கிழங்கை முகர்ந்து பார்த்துக் கீழே போட்டது.

“பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டாக் காட்டுங்க தம்பி. சில்லறைக்கெல்லாம் படியாது” என்றார் ஆத்தா. அப்புறம் மச்சானைப் பார்த்து, “வானரப் படை பாலம் போட்ட இடம்னு சொல்லுவாக. அதுக ஊருக்கே வந்து அதுகளைக் கொறை சொன்னா?”

பக்கத்துக் கடையில் பாக்கெட் வாங்கி வந்து நீட்டினேன். ஒரு கை பாக்கெட்டைப் பிடித்த பிறகுதான் மறு கை கண்ணாடியை விட்டது. பிஸ்கட்டெல்லாம் கன்னப் பைக்குள் போய் முகம் இரண்டு பக்கமும் உப்பிவிட்டது. மச்சான் கொண்டாடும் வாலில்லாதவர்களுக்கு இந்தக் கன்னப் பை வசதியும் கிடையாது.

ராத்திரி அவரே போனில் தேடிப் படித்துக் காட்டினார். பாலித் தீவில் உலுவாட்டு கோயில் குரங்குகளுக்கு இதுதான் தொழிலாம். அதுகளும் வால் உள்ளவைதான். பயணிகளின் பொருளைப் பறித்துக்கொண்டு, தீனி தந்தால் திருப்பிக் கொடுக்கும். எதற்கு எவ்வளவு பெயரும் என்பதும் அத்துபடி: கைப்பேசி, மூக்குக்கண்ணாடி என்றால் பேரம் ஏறும், ஹேர்கிளிப்புக்கு மவுசு இல்லை. 2021-ல் வந்த ஆய்வுக் கட்டுரை, விலை தெரிந்து பறிப்பது வளர்ந்த குரங்குகள்தான், குட்டிகளுக்கு அந்தக் கணக்குப் பிடிபடுவதில்லை என்கிறது. அனுபவத்தில் வருகிற வியாபாரம்.

“பாத்தியா, கண்ணாடி ஒசந்த ரகம்” என்று மச்சானுக்கு ஒரே பெருமை. பல் தடம் பதிந்த காம்பைத் தடவிக்கொண்டே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். பரமக்குடி சித்தப்பாவிடம் சொல்லும்போது குரங்கு அவர் இடுப்பளவு இருந்தது. மதுரைக்குப் போனபோது தோளளவு. கடைசியாகத் திருச்சியில் அக்காவிடம் பேசும்போது அதற்கு வாலே இல்லை.