விடை சரி, காரணம்?

எஃகுத் தொட்டி ஒன்றில் ஹைட்ரஜன் வாயு அடைக்கப்பட்டிருக்கிறது. தொட்டியின் குறுக்குவெட்டுப் படத்தில் மூலக்கூறுகள் புள்ளிகளாக எங்கும் பரவியிருக்கின்றன. ஹைட்ரஜன் திரவமாகிவிடாத அளவுக்கு வெப்பநிலையைக் குறைத்தால் அந்தப் புள்ளிகள் எப்படி அமைந்திருக்கும் என்பது கேள்வி. அமெரிக்க ஆய்வாளர்களான சூசன் நரன்பெர்னும் மைல்ஸ் பிக்கரிங்கும் இந்த வகைப் படக் கேள்விகளையும், வாயு விதிகளைக் கொண்டு எண்ணால் விடை காணும் வழக்கமான கணக்குகளையும் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்து, முடிவுகளை 1987இல் வெளியிட்டார்கள். கணக்கைச் சரியாகப் போட்டவர்களில் பலர் படத்தில் தவறினார்கள். குளிர்ந்த வாயுவின் மூலக்கூறுகள் மெதுவாக நகரும், ஆனால் தொட்டி முழுவதும் பரவியேதான் இருக்கும். சூத்திரத்தில் எண்களை இட்டு அழுத்தத்தைக் கண்டுபிடித்த கைக்கு அந்தக் காட்சி தேவைப்படவே இல்லை.

சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டில் மாலை நேரங்களில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக்கல்லூரி மாணவர்களுக்கும் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களுக்கும் வேதியியல் சொல்லித்தருகிறேன். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் நல்ல மதிப்பெண் வாங்குபவர்கள். பழைய தேர்வுத் தாள்களின் தொகுப்பான 'டென் இயர் சீரிஸ்' புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போட்டு முடித்தவர்கள். ஆகவே மாணவர்கள் வேதியியலை எப்படிக் கற்கிறார்கள் என்ற ஆய்வுகளில், பலவீனமான மாணவர்களைப் பற்றியவற்றைவிட நன்றாகத் தேறுபவர்களைப் பற்றியவையே எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கின்றன.

இந்த ஆய்வுத் துறையில் எல்லாரும் தொடங்கும் இடம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன். வேதியியலர் ஒரே பொருளை மூன்று தளங்களில் பேசுகிறார் என்று அவர் காட்டினார். கண்ணால் காணும் நீல நிறக் கரைசல் ஒன்று. அதற்குள் இருக்கும் அயனிகளும் மூலக்கூறுகளும் இரண்டாவது. தாளில் எழுதும் குறியீடும் சமன்பாடும் மூன்றாவது. அனுபவமுள்ளவர் ஒரே வாக்கியத்துக்குள் மூன்றுக்கும் போய்வந்துவிடுவார். கேட்பவரோ எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்பதே தெரியாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். மனித மனம் ஒரே நேரத்தில் கையாளக்கூடிய செய்திகளுக்கு ஒரு வரம்பு உண்டு என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதியதையும் ஜான்ஸ்டன் இதனோடு சேர்த்துப் பார்த்தார். கணக்கின் படிகள் அந்த வரம்பைத் தாண்டும்போது தேர்ச்சி படிப்படியாகக் குறையாமல் சட்டென்று சரிகிறது என்பது அவரும் எல்-பன்னாவும் 1986இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. இதற்கு மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த தீர்வு, இரண்டாவது தளத்தை விட்டுவிடுவது. கண்ணால் காண்பதும் குறியீடும் போதும், தேர்வு முடிந்துவிடும்.

அப்படி விடப்பட்ட இடத்தில் என்ன குடியேறுகிறது என்பதைச் சிங்கப்பூரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். தேசிய கல்விக் கழகத்தின் டேனியல் டானும் அவருடைய சக ஆய்வாளர்களும், ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்து டேவிட் டிரகஸ்ட்டுடன் இணைந்து, அயனிகளைக் கண்டறியும் ஆய்வகச் சோதனைகளைப் பற்றி 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இங்கே உயர்நிலைப்பள்ளி முடிவில் எழுதும் ஓ லெவல் தேர்வுக்கு வேதியியல் எடுத்த எவருக்கும் அந்தச் சோதனைகள் மனப்பாடம். துத்தநாக அயனி உள்ள கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாகச் சேர்த்தால் வெள்ளை வீழ்படிவு தோன்றும். மேலும் சேர்த்தால் அது கரைந்து நிறமற்ற கரைசலாகும். ஏன் கரைந்தது என்று கேட்டபோது, கூடுதலாக ஊற்றிய கரைசலால் கரைவதற்கு இடம் கிடைத்தது என்ற காரணத்தை ஏற்றுக்கொண்ட மாணவர்கள் இருந்தார்கள். உண்மையில் அங்கே நடப்பது புதியதொரு வேதிவினை: ஹைட்ராக்சைடு அயனிகள் துத்தநாகத்தோடு சேர்ந்து கரையக்கூடிய அணைவு அயனியை உருவாக்குகின்றன. இடம்தான் காரணம் என்றால் அதே அளவு தண்ணீரை ஊற்றினாலும் வீழ்படிவு மறைய வேண்டும், மறையாது. என் மாணவர்களிடம் இந்தக் கேள்வியைப் போடும்போதெல்லாம், "சார், அதிகமாக ஊற்றினால் கரைகிறது, அவ்வளவுதானே?" என்ற பதில் தவறாமல் வருகிறது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அட்டவணையைப் பார்த்து அயனியின் பெயரை எழுதினாலே முழு மதிப்பெண் கிடைத்துவிடும் தேர்வில், காரணம் தெரிந்துகொள்வது நேர விரயம் என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை முடிவுசெய்தால் அது புத்திசாலித்தனமான முடிவே.

இதைவிட ஆழமானது அயனியாக்க ஆற்றல், அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றல், பற்றிய தொடர் ஆய்வுகள். கேம்பிரிட்ஜின் கீத் டேபர், வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் இருந்தால் அணு நிலைபெறும் என்ற எட்டு எலக்ட்ரான் விதி மாணவர்களின் மனத்தில் எப்படி எல்லாவற்றுக்கும் பொதுவான காரணமாக வளர்ந்துவிடுகிறது என்பதைத் தொடர்ந்து எழுதிவந்தவர். அவரும் டேனியல் டானும் சேர்ந்து பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் தேர்வுக்குப் படிக்கும் சிங்கப்பூர் மாணவர்களை ஆராய்ந்தார்கள். சோடியம் அணு ஓர் எலக்ட்ரானை இழந்தால் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் நிலைபெறுகின்றன, ஆகவே அந்த அயனி மீண்டும் எலக்ட்ரானை ஏற்றுக்கொள்ளாது என்று பலர் நம்பினார்கள். அணுக்கருவின் ஈர்ப்பு எலக்ட்ரான்களுக்கிடையே பங்கிடப்படுகிறது, ஓர் எலக்ட்ரான் போனால் அதன் பங்கு மற்றவற்றுக்குப் போய்ச் சேர்கிறது என்பது இன்னொரு நம்பிக்கை. ஈர்ப்பு விசை மின்னூட்டத்தையும் தொலைவையும் பொறுத்தது என்று இயற்பியல் வகுப்பில் படித்ததை அவர்கள் வேதியியல் வகுப்புக்குள் கொண்டுவருவதில்லை. சீனா, நியூசிலாந்து, பிரிட்டன் முதலிய நாடுகளிலும் இதே எண்ணங்கள் காணப்பட்டிருப்பதால், இது நம் பாடத்திட்டத்தின் குறை மட்டுமல்ல.

இங்கே எண்களைப் பார்க்க வேண்டும். ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து ஒவ்வோர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க 496 கிலோஜூல் ஆற்றலை நாம் செலவிட வேண்டும். அந்த எலக்ட்ரான்களைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349 கிலோஜூல்தான். இந்த இரண்டோடு கணக்கை நிறுத்தினால் 147 கிலோஜூல் நட்டம். உலோகத்திலிருந்து சோடியம் அணுவைப் பிரிப்பதற்கும் குளோரின் மூலக்கூறைப் பிளப்பதற்கும் ஆகும் செலவு தனி. அத்தனையையும் ஈடுகட்டி உப்பை உண்டாக்குவது, எதிரெதிர் அயனிகள் படிகமாக அடுக்கப்படும்போது வெளிப்படும் ஏறக்குறைய 787 கிலோஜூல். ஏ லெவல் மாணவர்கள் இந்த எண்களையெல்லாம், உப்பு உருவாகும் ஆற்றலைப் படிப்படியாகக் கணக்கிடும் பார்ன்-ஹேபர் சுழற்சியில் பிழையில்லாமல் கூட்டிக் கழிப்பார்கள். அதே விடைத்தாளின் அடுத்த பக்கத்தில், எட்டு எலக்ட்ரான் பெற விரும்பிச் சோடியம் தானாகவே ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது என்றும் எழுதுவார்கள். ஆற்றல் செலவாகிறது என்று காட்ட 496 என்ற எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி இட்ட அதே பேனாதான் அதையும் எழுதுகிறது. இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று மோதுவதை யாரும் அவர்களுக்குச் சுட்டிக்காட்டுவதில்லை, ஏனென்றால் இரண்டு பக்கங்களுக்கும் மதிப்பெண் தனித்தனியே விழுந்துவிடுகிறது.

பல்கலைக்கழகத்தில் இது தானாகச் சரியாகிவிடும் என்று நம்புவதற்கும் இடமில்லை. பட்டம் முடித்து ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர்களிடமும் டானும் டேபரும் இதே கேள்வித்தொகுப்பைப் பயன்படுத்தினார்கள்; பள்ளி மாணவர்களிடம் கண்ட அதே எண்ணங்கள் அவர்களிடமும் இருந்தன. குவாண்டம் இயக்கவியலின் அலைச்சார்பும் ஆர்பிட்டலும் படித்துத் தேறியவர்கள் வகுப்பறைக்குத் திரும்பும்போது எட்டு எலக்ட்ரான் கதையையே எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அடுத்த தலைமுறைக்கும் அதையே சொல்கிறார்கள். கரிம வேதியியலிலும் நிலைமை இதுதான். கௌதம் பட்டாச்சார்யாவும் ஜார்ஜ் பாட்னரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், முதுநிலை மாணவர்கள் வினைவழிமுறைக்கு, அதாவது வினை படிப்படியாக நடக்கும் விதத்தைக் காட்ட, வளை அம்புகளை வரைந்தபோது, எலக்ட்ரான்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்பதைக் காட்டும் குறியாக அவற்றைக் கருதாமல், விளைபொருளை எப்படியாவது எட்டுவதற்கான வழியாகவே கருதினார்கள்.

தீர்வு என்று கேட்டால், விரிவுரையைக் குறைத்து மாணவர்களைப் பேசவும் செய்யவும் வைக்கும் வகுப்புகளைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அதற்கு வலுவான சான்றும் உண்டு. ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் குறித்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 34 விழுக்காட்டினர் தோற்ற நிலையில், மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் அது 22 விழுக்காடாக இருந்தது. ஆனால் 2019இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில், அத்தகைய வகுப்பில் அதிகம் கற்றுக்கொண்ட மாணவர்கள், தாங்கள் குறைவாகவே கற்றதாக உணர்ந்தார்கள். நம் ஊரில் பெற்றோரின் உணர்வையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். வெண்பலகையில் பத்துக் கணக்குகளை மளமளவென்று போட்டுக் காட்டும் டியூஷன் ஆசிரியருக்குத்தான் பரிந்துரைகள் குவிகின்றன.

குழு விவாதம் ஒன்றே போதும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு மேசையில் ஐந்து பேர் அமர்ந்து, ஐவரும் எட்டு எலக்ட்ரான் கதையை நம்புபவர்களாக இருந்தால், விவாதம் அந்த நம்பிக்கையை இன்னும் கெட்டியாக்கவே செய்யும். மேசைக்கு வரும் கேள்வியிலேயே அந்தக் கதையால் விளக்க முடியாத எண் ஒன்று இருக்க வேண்டும். சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது என்றால் நாம் எதற்காக 496 கிலோஜூல் செலவழிக்கிறோம் என்று கேட்டுவிட்டு ஆசிரியர் சற்று நேரம் பேசாமல் இருந்தால், அதன்பின் அந்த மேசையில் நடப்பது உண்மையான விவாதம்.

நூற்றுக்கணக்கானோர் எழுதும் முதலாண்டுத் தேர்வில் காரணங்களை யார் வாசித்துத் திருத்துவது என்பது வழக்கமான மறுப்பு. டிரகஸ்ட் 1980களிலேயே வடிவமைத்த இரண்டு அடுக்குக் கேள்விகள் இதற்கு விடை சொல்கின்றன. முதல் அடுக்கில் விடையையும் இரண்டாம் அடுக்கில் அதற்கான காரணத்தையும் தெரிவுகளிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால் இயந்திரமே திருத்திவிடும். சிரமமெல்லாம் கேள்வி தயாரிப்பதில்தான்: இரண்டாம் அடுக்கின் தவறான காரணங்களை ஆசிரியர் கற்பனையாக எழுதக்கூடாது, மாணவர்களிடம் பேசி, அவர்கள் சொல்வதிலிருந்தே எடுக்க வேண்டும். சிறிதளவு அமிலமோ காரமோ சேர்த்தாலும் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) பெரிதாக மாறாத தாங்கல் கரைசல்களுக்கு அப்படியொரு தொகுப்பை நான் இப்போது சிறிய அளவில் சேர்த்துவருகிறேன். இதுவரை அதிகம் வந்திருக்கும் காரணம், தாங்கல் கரைசல் எதுவானாலும் அதன் பிஎச் அளவு 7இலேயே நிற்கும் என்பது.