தனியாக வண்டியில் கிளம்பியவருக்கு முதல் மல்டி-பிட்ச்: குப்பம், கிருஷ்ணகிரி பக்கத்துக் குறிப்புகள்

வாணியம்பாடியிலிருந்து குப்பம் போகிற சாலையிலும், அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு வருகிற சாலையிலும் பாறை மலைகள் கண்ணை விட்டு விலகாது. பாறை ஏறப் பழகியவர் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தால் கை பரபரக்கத்தான் செய்யும். இருபது மீட்டர் சுவரில் லீட் ஏறி (கயிற்றைத் தானே மாட்டிக்கொண்டே முன்னால் ஏறி), கீழே இறக்கிவிடச் சொல்லி இறங்கிய பழக்கம் இருக்கிறது, அடுத்தது மூன்று நான்கு பிட்ச் உள்ள வழி என்று நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். கயிறு எட்டும் தூரம், அதாவது ஒரு பிட்ச் ஏறி, அங்கே ஆங்கர் (பாறையோடு தன்னைக் கட்டிக்கொள்ளும் பிடிமானம்) கட்டி நின்று, கூட வருபவரையும் அங்கே வரவழைத்து, பிறகு அடுத்த துண்டைத் தொடங்குவதுதான் மல்டி-பிட்ச். இதில் புதிதாகக் கற்க வேண்டியவற்றில் முக்கால்வாசி ஏறுவதைப் பற்றியவை அல்ல. ஆங்கரில் நிற்கிற நேரத்தையும் இறங்குகிற வழியையும் பற்றியவை.

முதலில் எந்தப் பாறை என்று பார்த்துவிடலாம். இந்தத் தமிழ்நாடு-ஆந்திர எல்லையில் கண்ணில் படுகிற பாறைகளில் பெரும்பாலானவற்றை விட்டுவிடுங்கள். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையும் ராயக்கோட்டையும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே போல்ட் (கயிறு மாட்டப் பாறையில் துளையிட்டு அடிக்கும் இரும்பு ஆணி) அடிப்பது குற்றம். குப்பம், பலமநேர் காடுகள் கவுண்டின்யா சரணாலயத்துக்குள் வருகின்றன. ஆந்திராவில் யானைகள் நிலைத்து வாழும் காடு அது. அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது என்பது ஒரு பக்கம். விடியற்காலையில் பாறை அடிவாரத்துக்கு நடப்பது யானை நடமாடும் நேரத்தில் நடப்பது என்பது இன்னொரு பக்கம். மிச்சமிருப்பது கல் குவாரிகள். கைவிட்ட குவாரிச் சுவர் நேராகவும் சுத்தமாகவும் தெரியும், ஆசை காட்டும். வெடி வைத்து உடைத்த பாறையில் விரிசல் உள்ளே எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதில் ஏற வேண்டாம், ஆங்கரும் கட்ட வேண்டாம்.

ஆகவே முதல் மல்டி-பிட்சுக்கு எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போய், ஏற்கெனவே பலர் ஏறிய, போல்ட் அடித்த, பெங்களூருவுக்கு மேற்கே மாகடி பக்கம் உள்ள சாவன்துர்கா மலையைப் பார்ப்பதே சரி. கடல் மட்டத்திலிருந்து 1226 மீட்டர் உயரம், கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரண்டு மொட்டைப் பாறைகள். பெரும்பாலும் ஸ்லாப், அதாவது சாய்வான பாறைப் பரப்பு. குப்பத்திலிருந்து காலையில் கிளம்பிப் போய் ஏறலாம் என்று கணக்குப் போட்டால் ஓசூரைத் தாண்டிய நெரிசலிலேயே நல்ல நேரம் போய்விடும். முந்தின நாளே போய் மாகடி பக்கம் தங்குங்கள். வனத்துறையின் அனுமதி நிலவரம் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள்.

தனியாக வந்தவருக்கு இருக்கிற பெரிய சிக்கல் ஜோடி. ஏறுபவர் விழுந்தால் தாங்கும்படி கயிற்றைப் பிடிப்பதுதான் பிலே; அதைத் தனக்குத்தானே செய்துகொண்டு ஏறுகிற ரோப் சோலோ முறை உண்டு, ஆனால் அது முதல் மல்டி-பிட்சுக்கு உரியதே அல்ல. பெங்களூருவில் கண்டீரவா மைதானத்தில் ஏறும் சுவர் இருக்கிறது, ஏறுகிற ஆட்களை அங்கே பார்க்கலாம். கர்நாடக அரசின் சாகசப் பயிற்சி நிறுவனமான திம்மையா அகாடமி ராமநகரம் பக்கம் பாறை ஏறும் பயிற்சி நடத்துகிறது. மல்டி-பிட்ச் அனுபவம் உள்ள ஒருவர் முன்னால் ஏற, நீங்கள் எல்லாப் பிட்சிலும் பின்னால் ஏறுவதாக முதல் தடவையை வைத்துக்கொள்வது நல்லது. யாராக இருந்தாலும் முந்தின நாள் ஒற்றைப் பிட்ச் பாறையில் அவரோடு அரை நாள் ஏறிப் பாருங்கள். பிலே செய்யும்போது பிரேக் கை கயிற்றை விடுகிறதா, கிளம்பும் முன் உங்கள் முடிச்சைத் தொட்டுப் பார்க்கிறாரா, தன் முடிச்சை நீங்கள் பார்ப்பதற்குச் சலித்துக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். சலித்துக்கொள்பவரோடு மேலே போகாதீர்கள். எத்தனை வருஷ அனுபவம் என்று அவர் சொல்வதைவிட அந்த அரை நாள் அதிகம் சொல்லும்.

சாமான்களில் பழைய பழக்கத்துக்கு மேல் வேண்டியவை குறைவுதான். 60 மீட்டர் கயிறு, 9.5 முதல் 10 மி.மீ. தடிமன், இறங்குவதும் கயிற்றில்தான் என்றால் இன்னொரு 60 மீட்டர் கயிறு. போல்டில் கயிற்றை மாட்டும் க்விக்டிரா 12. ஆளுக்கொரு ஹெல்மெட். பின்னால் வருபவரை ஆங்கரிலிருந்தே பிலே செய்ய உதவும் கைட் மோட் உள்ள டியூப் பிலே கருவி. ஆங்கருக்கு 240 செ.மீ. ஸ்லிங் (பட்டை வளையம்) இரண்டு, தன்னைக் கட்டிக்கொள்ள 120 செ.மீ. ஸ்லிங் ஆளுக்கொன்று, லாக்கிங் கேரபைனர் (பூட்டும் கொக்கி) ஆளுக்கு நான்கைந்து. ப்ரூசிக் (பாரம் விழுந்தால் கயிற்றை இறுகப் பிடிக்கும் முடிச்சு) போட 6 மி.மீ. கயிறு ஒன்றரை மீட்டர் துண்டுகள் ஆளுக்கு இரண்டு. ஷூ இறுக்கமாக இருக்கக் கூடாது. மூன்று மணி நேரம் வெயிலில் கால் வீங்கும், ஸ்லாப்புக்கு விரல் மடங்கிய ஷூவால் லாபமும் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், சின்ன ஹெட்லாம்ப். கார் டிக்கியில் கயிற்றை வைக்கும்போது பேட்டரி இருந்த இடம், ஆயில் கேன் பக்கம் வைக்காதீர்கள். பேட்டரி ஆசிட் பட்ட நைலான் பார்க்க நன்றாகவே இருக்கும், பாரம் விழும்போது அறுந்துவிடும்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் காலம். மார்ச்சிலிருந்து பாறை சுடும். சூட்டில் ரப்பர் இளகி, வியர்த்த கையும் சேர்ந்து, காலையில் நிற்க முடிந்த இடத்தில் மதியம் கால் வழுக்கும். மழைத் தண்ணீர் ஓடிக் கறுத்த கோடுகள் ஸ்லாப்பில் நெடுக இருக்கும். காய்ந்திருந்தால் கால் பிடிக்கும், ஈரமானால் நிற்கவே முடியாது. பனி விழுந்த காலையில் கூட அந்தக் கோடுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டே கால் வையுங்கள்.

வெயிலை விடப் பெரிய ஆபத்து மலைத்தேனீ. பாறை முகட்டின் கீழ்ப்புறம் திறந்த ஒற்றை அடையாகத் தொங்கும், ஒரு மீட்டர் அகலம் கூட இருக்கும். இவை இடம் மாறும், போன மாதம் இல்லாத இடத்தில் இந்த மாதம் இருக்கும். அதனால் பழைய தகவலை நம்பாமல் அன்று காலையில் கீழே நின்று பைனாகுலரில் முழுச் சுவரையும் பாருங்கள். ஏறும் வழியின் பக்கத்தில் அடை கண்ணில் பட்டால் அன்றைக்கு அந்த வழி வேண்டாம். ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்தில் படியும் வாசனை மற்ற தேனீக்களை அங்கேயே வரவழைக்கும். தரையில் இருந்தால் ஓடலாம். ஆங்கரில் கட்டுண்டு நிற்பவர் ஓட முடியாது. சென்ட், வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம், அடிவாரத்தில் பீடி, சிகரெட் புகையும் வேண்டாம். தலையை மூடும் வலை ஒன்று ஐம்பது கிராம் கூட இராது, ஹார்னஸில் (கயிறு கட்டும் இடுப்புப் பட்டையில்) தொங்கட்டும்.

இனி பிலே ஸ்டேஷன், அதாவது ஒவ்வொரு பிட்ச் முடிவிலும் ஆங்கர் கட்டி நிற்கிற இடம். முன்னால் ஏறுபவர் போல்ட் இரண்டு உள்ள இடத்தை அடைந்ததும் போல்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். போல்டில் உள்ள ஹேங்கரை (கொக்கி மாட்டும் தகட்டை) விரலால் திருப்பினால் சுற்றுகிறதா, துருக் கறை பாறையில் வழிந்திருக்கிறதா, போல்டைச் சுற்றிப் பாறை வெடித்திருக்கிறதா? சுற்றுவது மட்டும் என்றால் நட்டை இறுக்கினால் போகலாம். பாறை வெடித்திருந்தால் அந்தப் போல்ட் கணக்கில் இல்லை. இரண்டு போல்டிலும் 240 செ.மீ. ஸ்லிங்கை மாட்டி, நடுப்பகுதியைக் கீழே இழுத்து, ஒரே முடிச்சாகப் போட்டு, அந்த வளையத்தில் தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஸ்லிங்கின் இரண்டு கைகளுக்கும் நடுவிலுள்ள கோணம் 60 டிகிரிக்குள் இருக்கட்டும். 60 டிகிரியில் ஒவ்வொரு போல்டுக்கும் பாரத்தில் 58 சதவீதம் போகும். 120 டிகிரியில் ஒவ்வொன்றும் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கும், இரண்டு போல்ட் இருந்தும் பங்கு போடவில்லை என்று அர்த்தம்.

தன்னைக் கட்டிய பிறகுதான் "பிலே ஆஃப்" (இனி பிலே வேண்டாம்) என்று சத்தம். இந்தப் பக்கத்துக் காற்றில் நாற்பது மீட்டர் கீழே நிற்பவருக்கு அந்தச் சத்தம் கேட்காது. கீழிருப்பவர் ஊகித்துக்கொண்டு பிலேயை எடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: கயிறு முழுக்க மேலே இழுபட்டு, ஹார்னஸை இழுக்கும் வரை பிலேயை எடுப்பதில்லை, இழுத்த பிறகு ஒரு நிமிஷம் காத்திருந்து ஏறத் தொடங்குவது. கயிற்றை மூன்று முறை வெட்டி இழுப்பது போன்ற சைகைகளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் பாறையில் உராய்கிற கயிற்றில் இழுப்பும் தெளிவாகத் தெரியாது.

மேலே இழுத்த கயிற்றை எங்கே வைப்பது என்பது சின்ன விஷயமாகத் தெரியும், அரை மணி நேரத்தைத் தின்பது அதுதான். கால் வைக்கவே இடமில்லாத ஸ்டேஷனில், தன்னைக் கட்டியிருக்கும் கயிற்றின் மேல் இரண்டு பக்கமும் தொங்கும்படி மடிப்பு மடிப்பாகப் போட வேண்டும். முதல் மடிப்பு முழங்கால் அளவு, அடுத்தடுத்தது கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டை. நீளம் ஒன்றாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். இருவரும் மாறி மாறி முன்னால் போனால் இந்த மடிப்பு அப்படியே சரியாக உருவும். ஒருவரே எல்லாப் பிட்சிலும் முன்னால் போனால் அவருடைய முனை மடிப்புக்கு அடியில் இருக்கும். அப்போது முழுக் கட்டையும் தோசையைத் திருப்புவது போல ஒரே வீச்சில் பின்னால் வந்தவரின் கயிற்றுக்கு மாற்றிப் போட வேண்டும், இல்லையென்றால் முதலிலிருந்து மடிக்க வேண்டும். தரையிலேயே பத்துத் தடவை பழகிவிட்டு வாருங்கள்.

பின்னால் வந்தவர் ஸ்டேஷனுக்கு வந்ததும் முதல் வேலை அவரைக் கட்டுவது, தண்ணீர் குடிப்பது பிறகு. கைட் மோடில் கருவி தானாகப் பூட்டிக்கொள்ளும். அதே காரணத்தால், அவர் பாதி வழியில் தொங்கிவிட்டால் கருவியைத் தளர்த்தி இறக்குவது எளிதல்ல. சின்னத் துளையில் ஸ்லிங் கோத்து, மேலே ஆங்கர் வழியாகத் திருப்பி, உடல் எடையால் இழுத்துத் தளர்த்த வேண்டும். தளரும்போது சட்டென்று முழுதாகத் திறந்துவிடும் என்பதால் பிரேக் பக்கம் ப்ரூசிக் கட்டாயம். இதையும் தரையில் செய்து பார்க்காமல் மேலே போகக் கூடாது.

அடுத்த பிட்ச் தொடங்கும் முதல் சில மீட்டர்தான் நாள் முழுவதிலும் மோசமான இடம். ஸ்டேஷனிலிருந்து 5 மீட்டர் ஏறி, ஒரு போல்டிலும் மாட்டாமல் விழுந்தால் 10 மீட்டர் விழுவீர்கள். அதைத் தாங்க வெளியே இருப்பது 5 மீட்டர் கயிறுதான். விழுந்த தூரத்தைக் கயிற்று நீளத்தால் வகுத்தால் 2, அதற்கு மேல் போக வழியில்லாத அளவு. அந்த அடி முழுக்க ஆங்கருக்கும் பிலே செய்பவரின் இடுப்புக்கும் போகும். கிளம்பும்போதே ஆங்கரின் மேல் போல்டில் ஒரு க்விக்டிரா போட்டுக் கயிற்றை மாட்டிவிட்டால் இழுப்பு மேல்நோக்கித் திரும்பும், பிலே செய்பவருக்குப் பிடிக்க முடியும். முதல் போல்ட் வரை மெதுவாக, உறுதியான கால்களில் போங்கள்.

ஸ்லாப் ஏறுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாறையைக் கட்டிப்பிடிக்காதீர்கள், இடுப்பு வெளியே, குதிகால் கீழே, அடி சின்னச் சின்னதாக. பயத்தில் குதிகால் எழும், எழுந்தால் ரப்பர் பாறையில் படுகிற பரப்பு குறைந்து கால் வழுக்கும். இந்தப் பாறைகள் தகடு தகடாக உரியும் இயல்புள்ளவை. பிடிக்கும் முன் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், உள்ளீடற்ற சத்தம் வந்தால் இழுக்காதீர்கள். போல்டுகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் உள்ள வழிகள் சாவன்துர்காவில் சகஜம். வழக்கமாக ஏறுகிற கிரேடுக்கு (கடினத் தரத்துக்கு) இரண்டு படி கீழே எடுங்கள்.

நேரக் கணக்கு: புதியவர்கள் இருவருக்கு ஒரு பிட்ச் ஒரு மணி நேரம். நாலு பிட்ச் என்றால் ஆறரைக்குத் தொடங்கிப் பத்தரை. பதினொரு மணிக்கு எந்த ஸ்டேஷனில் இருந்தாலும் மேலே போவதா, இறங்குவதா என்று முடிவு செய்துவிட வேண்டும்.

நடந்து இறங்க வழி உள்ள மலை என்றால் நடந்தே இறங்குங்கள். கரிகுட்டாவில் உச்சிக்கு ஆட்கள் ஏறி இறங்கும் தடம் இருக்கிறது; அதுவும் செங்குத்தான இடங்கள் உள்ள பாறைத் தடம்தான், சாதாரண ஷூவைக் கொண்டுபோயிருக்க வேண்டும். கயிற்றில் இறங்குவதானால் முன்பே கணக்குப் பாருங்கள். 60 மீட்டர் கயிற்றை மடித்துப் போட்டால் இறங்கக் கிடைப்பது 30 மீட்டர்தான், 45 மீட்டர் பிட்சை அதில் இறங்க முடியாது. இரண்டு கயிற்றை இணைக்க ஓவர்ஹேண்ட் முடிச்சு, வால் 30 செ.மீ., நன்றாக இறுக்கியது. இரண்டு முனையிலும் தனித்தனியாக முடிச்சு. ராப்பலில், அதாவது கயிற்றில் இறங்கும்போது, கயிற்று முனை தாண்டி விழுவது அனுபவசாலிகளுக்கும் நடந்திருக்கிறது, இந்த முடிச்சு ஒன்றே அதைத் தடுக்கும். கருவியை ஸ்லிங்கால் மார்பு உயரத்துக்கு நீட்டி, அதற்குக் கீழே ப்ரூசிக் போட்டு இறங்குங்கள். கீழே போனதும் முனை முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு, எந்த நிறக் கயிற்றை இழுக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு இழுங்கள்.

இழுத்த கயிறு மேலே மாட்டிக்கொள்வதும் உண்டு. இரண்டு முனையும் கைக்கு எட்டும் என்றால் இரண்டு இழையிலும் ப்ரூசிக் போட்டு ஏறி எடுக்கலாம். ஒரு முனை மேலே போய்விட்டிருந்தால், எதில் மாட்டியிருக்கிறது என்று தெரியாத ஒற்றைக் கயிற்றில் ஏறாதீர்கள். கையில் இருக்கிற கயிற்றை வைத்து இறங்க முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் ஆங்கரில் கட்டிக்கொண்டு உதவிக்கு அழையுங்கள். பாறையில் மீட்பு வர நேரமாகும்: 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா பக்கம் குரும்பாச்சி மலையில் திங்கட்கிழமை சிக்கிய இளைஞரை ராணுவம் கயிற்றில் இறங்கி மேலே கொண்டுவந்தது புதன்கிழமை. 112, 108 இரண்டும் மூன்று மாநிலத்திலும் செயல்படும். ஆனால் எல்லைப் பாறையில் போன் எந்த மாநில டவரைப் பிடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போய்விடலாம். பேச ஆரம்பித்ததும் மாநிலம், மாவட்டம், பக்கத்து ஊர் மூன்றையும் முதலில் சொல்லுங்கள். எந்த மலை, எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் காலையிலேயே வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். தங்கிய இடத்து அண்ணனிடமும் சொல்லிவிட்டுப் போங்கள், முதலில் தேடி வரக்கூடியவர் அவர்தான்.