எந்தப் பக்கமிருந்து

ஜூலை 16, 2023

வலது காது இன்றும் திறக்கவில்லை. சொட்டு மருந்து மூன்று வேளையும் விட்டாயிற்று.

ஜூலை 18

இவர் அடுக்களையிலிருந்து கூப்பிட்டார். நான் பால்கனிப் பக்கம் திரும்பி "என்ன?" என்றேன். மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் பால்கனியைத்தான் பார்த்தேன். குரல் தெளிவாகக் கேட்கிறது. எங்கிருந்து வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை. உலகம் முழுக்க எனக்கு இடப்பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கிறது.

ஜூலை 19

குறும்பியே இல்லையாம். உள்காது. கேட்கும் திறனைக் காட்டும் ஆடியோகிராம் தாளில் இடது காதின் நீலப் பெருக்கல் குறியெல்லாம் மேலே வரிசையாக நிற்க, வலது காதின் சிவப்பு வட்டங்கள் மட்டும் 70 டெசிபெல் கோட்டுக்குக் கீழே கிடந்தன. "எத்தனை நாளாச்சு?" என்றார் டாக்டர். பன்னிரண்டு என்றதும் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். ஸ்டீராய்டை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டுமாம்.

முதலில் போன இடத்தில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு அடைப்பு என்று எழுதிக் கொடுத்தவரை நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது. ஒரு இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். ஒரு நிமிட வேலை.

ஜூலை 23

மாத்திரை தூங்க விடுவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்திரமெல்லாம் தேய்த்து வைத்தேன்.

ஜூலை 25

எங்கள் பழைய கடலாய்வுக் கப்பல் ஃபிளிப்பை உடைக்கக் கொடுக்கிறார்களாம். பழைய ஆய்வகத் தோழி எழுதியிருக்கிறாள். அடுத்த வாரம் சான் டியாகோவில் பாயிண்ட் லோமாவிலிருந்து இழுத்துக்கொண்டு மெக்சிகோ போகிறார்கள். படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 2017-க்குப் பிறகு அது கடலுக்கே போகவில்லை. கட்டிப்போட்டே வைத்திருந்தார்கள். இது வரும் என்று தெரிந்ததுதான். இருந்தாலும் இந்த மாதத்திலா?

108 மீட்டர் நீளம். படுத்திருக்கும்போது பார்த்தால் பெரிய அகப்பை. காம்புக்குள் கடல் தண்ணீரை விட்டால் வால் மெல்ல மெல்ல அமிழும். ஏறக்குறைய 28 நிமிடத்தில் மொத்தக் கப்பலும் செங்குத்தாக எழுந்து நின்றுவிடும். சுமார் 90 மீட்டர் தண்ணீருக்குள், ஐந்து மாடி உயரம் வெளியே. அலைமட்டத்தில் காம்பு நான்கு மீட்டர் அகலம்கூட இருக்காது. அதனால் அலைக்குப் பிடித்துத் தூக்க ஒன்றும் அகப்படாது, சுற்றிக்கொண்டு போய்விடும். கம்பம் மாதிரி நிற்கும். ஓட்டுவதற்கு எஞ்சினே கிடையாது, இழுவைப்படகுதான் கொண்டுபோய் விட வேண்டும்.

எதற்காகக் கட்டினார்கள் என்பதை இன்று நினைத்தபோதுதான் நெஞ்சை அடைத்தது. நீர்மூழ்கியிலிருந்து ஏவும் சப்ராக் ஏவுகணைக்காக, தொலைவில் வரும் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும் என்பது அமெரிக்கக் கடற்படைக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆடுகிற, இரைகிற கப்பலில் உட்கார்ந்து அதை அளக்க முடியாது. ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் ஃபிரெட் ஸ்பீஸும் ஃபிரெட் ஃபிஷரும் இதை உருவாக்கினார்கள். 1962-இல் போர்ட்லாந்தில் தண்ணீரில் இறங்கியது. சத்தம் எந்தப் பக்கமிருந்து? அந்த ஒரு கேள்விக்காக ஒரு கப்பல்.

ஜூலை 26

அம்மா போன். "என்னட்டி, கேக்குதா?" நல்லாக் கேட்கிறது என்றேன். இடது காதில் வைத்திருந்தேன்.

ஜூலை 28

செவிப்பறை வழியாக முதல் ஊசி. மரத்துப்போக மருந்து வைத்தும் சுரீரென்றது. அப்புறம் இடப்பக்கம் ஒருக்களித்து அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. விழுங்கினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் சாய்ந்து கிடந்தது, கதவு தரையாகிவிட்டது.

2008 இலையுதிர் காலம், சான் கிளமென்டி தீவுப் பக்கம். ஃபிளிப்பில் திமிங்கில ஓசை பதிவு செய்யப் போயிருந்தோம். கப்பல் எழும்போது வெளித்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். முக்கால்வாசி நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். கடைசியில் சட்டென்று சரியும். நின்ற தளம் முதுகுக்குச் சுவராக மாற, முன்னால் இருந்த சுவரில் காலை எடுத்து வைத்தேன். கழுவும் தொட்டி இரண்டிரண்டு, படுத்திருக்கையில் ஒன்று, நிற்கையில் மற்றொன்று. அடுப்பும் கட்டிலும் தாமே திரும்பிக்கொள்ளும். தரையில் கதவுகள்.

துடுப்புத் திமிங்கிலம் 20 ஹெர்ட்ஸில் பேசும். காதுக்கு எட்டாது. பதிவைப் பத்து மடங்கு வேகமாக ஓட்டினால்தான் டொக், டொக் என்று கேட்கும். தண்ணீருக்குள் கேட்கும் மைக்கான ஹைட்ரோஃபோன்களின் வரிசையில் எதற்கு முதலில் வந்தது, எதற்கு அடுத்து வந்தது என்று பார்த்துத் திசை கண்டுபிடிப்போம். ஒரே ஒரு ஹைட்ரோஃபோன் இருந்தால் அந்தக் கணக்கையே போட முடியாது.

அரை மணி ஆனதும் நர்ஸ் வந்து தோளைத் தொட்டார். அவர் உள்ளே வந்தது தெரியவே இல்லை.

ஜூலை 31

காதுக்குள் நாள் பூராவும் கொதிக்கிற கெட்டில். எரிந்து விழுந்துவிட்டேன் இவர் மேல். பாவம்.

ஆகஸ்ட் 1

1963-இல் கடலியல் அறிஞர் வால்டர் மங்க் அண்டார்டிகாப் பக்கத்துப் புயல் எழுப்பிய அலைகளை அலாஸ்கா வரை தொடர்ந்து அளந்தார். ஹவாய்க்கு வடக்கே கருவி வைக்கத் தீவே இல்லை. அங்கே ஃபிளிப்பைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தீவுக்குப் பதில் தீவாக நின்றது. அதைப் போய் எடைக்குப் போடுகிறார்களே!

ஆகஸ்ட் 3

ஷெல்டர் ஐலண்ட் முனையில் நின்று பார்த்தேன். படுத்தபடியே போயிற்று. துருப்பிடித்திருந்தது. இழுவைப்படகு ஊதியதாக இவர் சொன்னார்.

ஆகஸ்ட் 4

இரண்டாவது ஊசி. கப்பலின் நீட்டுக்கரம் ஒன்றை மட்டும் கழற்றி ஸ்கிரிப்ஸின் கடற்பாலத்தில் வைக்கப்போகிறார்களாம். அந்தக் கரத்தின் நுனிவரை நடந்திருக்கிறேன். கீழே தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது.

ஆகஸ்ட் 8

இல்லை.

ஆகஸ்ட் 10

குளியலறைக் குழாய் சொட்டுகிறது. இடது காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு படுத்தேன். அப்போதும் கேட்ட மாதிரி இருக்கிறது. இவரை எழுப்பி, குழாய் நிஜமாகவே சொட்டுகிறதா என்று பார்த்து வரச் சொல்லப்போகிறேன்.