தேர்தலா, நியமனமா: மேலவைக் குறிப்புகள் எழுதிய அனுபவம்

அரசமைப்பைத் திருத்தப் போகிறோம் என்று யார் கிளம்பினாலும், அதற்காக எந்தக் குழு அமைத்தாலும், சில வாரங்களில் ஒரு கேள்வி எங்கள் மேஜைக்கு வந்து சேர்ந்துவிடும். மேலவை உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டுமா, நியமித்தால் போதுமா? "எந்தெந்த நாட்டில் எப்படி என்று ஒரே பக்கத்தில் கொடுங்கள், நாளைக்கு வேண்டும்" என்ற வரியும் கூடவே வரும்.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய குழுக்களுக்கும் பின்புலக் குறிப்பு எழுதுவது என் வேலையாக இருந்தது. குறிப்பில் சொந்தக் கருத்துக்கு இடம் கிடையாது. தகவலை அடுக்கிக் கொடுக்க வேண்டும், முடிவு அவர்களுடையது. எனவே எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம், அட்டவணை போட்டோம். நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் முதல் கட்டம் எப்போதும் 'தேர்வு முறை'. நியமனம், நேரடித் தேர்தல், மறைமுகத் தேர்தல் என்று அதில் ஒரு சொல்லை நிரப்பிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுவோம்.

அந்தக் கட்டம் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது எழுத எழுதத்தான் புரிந்தது. கனடாவையும் டிரினிடாட் டொபாகோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நேராக 'நியமனம்' என்றுதான் எழுத முடியும். கனடாவின் செனட்டில் 105 இருக்கைகள். பிரதமரின் பரிந்துரைப்படி, மன்னரின் பிரதிநிதியான தலைமை ஆளுநர் நியமிப்பார். நியமனம் ஆன செனட்டருக்கு 75 வயது வரை கவலையில்லை, பரிந்துரைத்த பிரதமரே நினைத்தாலும் அவரை எழுப்பி அனுப்ப முடியாது. டிரினிடாடில் 31 செனட்டர்கள். அவர்களில் 16 பேர் பிரதமர் சொல்லி வருகிறவர்கள், 6 பேர் எதிர்க்கட்சித் தலைவர் சொல்லி வருகிறவர்கள், மீதி 9 பேரைக் குடியரசுத் தலைவர் தாமாகத் தேர்ந்தெடுக்கிறார். முதல் 16 பேரில் யாராவது தலைமைக்குப் பிடிக்காதபடி நடந்துகொண்டால், பிரதமரின் ஒரு வார்த்தையில் அவருடைய இருக்கை காலியாகிவிடும். இந்த இரண்டு நாட்டுச் செனட்டர்களும் ஒரே கட்டத்தில், ஒரே சொல்லின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். வாசிக்கிற உறுப்பினருக்கு அதிலிருந்து என்ன விளங்கும்?

'தேர்தல்' என்ற சொல்லும் இதே மாதிரிதான். அமெரிக்காவில் செனட்டர்களை முதலில் மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன. பேரம், லஞ்சம், இழுபறி என்று அது நாறிப்போனது. டெலவர் மாநிலச் சட்டமன்றம் யாரையும் ஒப்புக்கொள்ள முடியாமல் சண்டை போட்டதில் 1899 முதல் 1903 வரை அந்த மாநிலத்தின் ஒரு செனட் இருக்கை காலியாகவே கிடந்தது, அதில் கடைசி இரண்டு ஆண்டுகள் இரண்டு இருக்கையுமே காலி. 1913-இல் பதினேழாவது திருத்தம் வந்த பிறகுதான் மக்களே நேரடியாக வாக்களித்தார்கள். இந்தியாவின் மாநிலங்களவைக்கு இன்றும் சட்டமன்ற உறுப்பினர்கள்தான் வாக்களிக்கிறார்கள். 2003-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, கட்சியைச் சேர்ந்த எம்.எல்.ஏ. தன் வாக்குச்சீட்டைப் பெட்டியில் போடுவதற்கு முன் கட்சியின் முகவரிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வாக்கு செல்லாது. பணத்துக்கு வாக்கு விலை போவதைத் தடுக்க என்றுதான் கொண்டுவந்தார்கள், அந்தக் காரணத்தில் உண்மையும் இருக்கிறது. ஆனால் சீட்டை முகவரிடம் விரித்துக் காட்டிவிட்டுப் போடுவது தேர்தலா, கட்சித் தலைமையின் நியமனமா என்று அடுத்த மேஜைக்காரர் கேட்டார். குறிப்பில் அதை எழுத முடியவில்லை. 'மறைமுகத் தேர்தல்' என்று போட்டு அனுப்பினோம்.

ஜெர்மனி எந்தக் கட்டத்திலும் அடங்காது. அங்கே மேலவையான பன்டஸ்ராட்டில் உட்காருகிறவர்கள் மாநில அரசுகளின் அமைச்சர்கள். மொத்தம் 69 வாக்குகள், ஒரு மாநிலம் தன் வாக்குகளை மொத்தமாக ஒரே பக்கம்தான் போட முடியும். 2002-இல் குடியேற்றச் சட்டத்தின் மீது பிராண்டன்பர்க் மாநிலத்தின் பிரதிநிதிகளில் ஒருவர் ஆம் என்றும் மற்றவர் இல்லை என்றும் சொன்னார்கள். அவைத் தலைவர் அதை ஆம் என்று எடுத்துக்கொள்ள, அரசமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. ஜெர்மனிக்கு மட்டும் அடிக்குறிப்பு போடுவோம். யாரும் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆவணங்களில் கிடைத்ததைவிடக் குழு அறையில் பார்த்ததுதான் என் எண்ணத்தை மாற்றியது. நியமன உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் கலந்திருந்த குழு அது. உரிமம் வழங்குவது பற்றிய மசோதா. அதில் ஒரு பிரிவு, விண்ணப்பத்தின் மீது 'உரிய அதிகாரி நியாயமானதெனக் கருதும் காலத்துக்குள்' முடிவெடுக்க வேண்டும் என்று சொன்னது. நியமன உறுப்பினர் ஒருவர், பல ஆண்டுகள் மருத்துவமனை நிர்வாகம் பார்த்தவர், அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். "அவர் நியாயமானதென்று ஒரு வருஷத்தைக் கருதினால், விண்ணப்பம் போட்டவர் எங்கே போவார்?"

"விதிகளில் பார்த்துக்கொள்ளலாம் மேடம்" என்றார் துறை அதிகாரி.

"விதிகள் இன்னும் எழுதவே இல்லையே."

அதிகாரி பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். திருத்தம் எழுதும் வேலை எங்களிடம் வந்தது. 60 நாள் கெடு, அதற்குள் பதில் வராவிட்டால் உரிமம் கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று எழுதினோம். மறுநாள் அதைப் பார்த்த தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் கேட்டதுதான் அன்றைக்கு உருப்படியான கேள்வி: "60 நாள் எந்த நாளிலிருந்து? எங்கள் பக்கம் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு ரசீதே தர மாட்டார்களே." தொகுதியில் தினமும் பத்துப் பேர் கதவைத் தட்டுகிறவருக்குத்தான் அது தெரியும். நிர்வாகத்தில் ஊறிய அந்த அம்மையாருக்குத் தோன்றவில்லை, சட்ட வரைவு எழுதும் எங்களுக்கும் தோன்றவில்லை. ரசீது தேதியிலிருந்து என்று சேர்த்தோம். திருத்தம் பிரமாதமாக வந்தது.

அப்புறம் வாக்கெடுப்பு. ரசீதைப் பற்றிக் கேட்டவர் கொறடாவின் உத்தரவுப்படி தான் செப்பனிட்ட திருத்தத்துக்கே எதிராகக் கை தூக்கினார். அடுத்த முறை சீட்டு வேண்டுமே. சரி, நியமன உறுப்பினராவது உறுதியாக நிற்பார் என்று பார்த்தால், அவர் திருத்தத்தை முன்மொழியவே இல்லை. அவருடைய பதவிக்காலம் முடிய சில மாதங்கள்தான் இருந்தன, மறுநியமனம் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கடைசியில் அதை முன்மொழிந்தவர், இனிப் போட்டியிடப் போவதில்லை என்று ஏற்கெனவே அறிவித்துவிட்ட மூத்த உறுப்பினர். ஆளும் கட்சிக்காரர்தான். திருத்தம் தோற்றது, ஆனால் அவர் பேசிய பேச்சு பதிவில் இருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் சேர்ந்தது: 'மீண்டும் வர முடியுமா?' கொஞ்ச நாளில் அதைத் தேர்வு முறைக்கும் முன்னால் நகர்த்தினேன். மேலதிகாரி புருவத்தை உயர்த்தினார், ஆனால் விட்டுவிட்டார். அந்தக் கட்டத்தை நிரப்பிப் பார்த்தால் நாடுகள் வேறு மாதிரி வரிசை மாறி நின்றன. மாநிலங்களவைக்குக் குடியரசுத் தலைவர் நியமிக்கும் 12 பேருக்கு ஆறு ஆண்டுகள், மறுநியமனத்துக்குத் தடையில்லை. பதவியேற்று ஆறு மாதங்களுக்குள் கட்சியிலும் சேரலாம். கனடாக்காரருக்கு அந்தக் கேள்வியே எழாது, வீட்டுக்குப் போகும் வயது முன்பே தீர்மானமானது.

இரண்டாவதாக நான் கவனித்தது அதிகாரம். மக்கள் வாக்கில் வந்த மேலவை கையில் இருக்கும் அதிகாரத்தைப் பூட்டி வைக்காது. ஆஸ்திரேலியாவில் 1975-இல் செனட் அரசின் செலவுக்கான மசோதாக்களை நிறுத்தி வைத்தது. நவம்பர் 11 அன்று தலைமை ஆளுநர் பிரதமர் விட்லமைப் பதவிநீக்கம் செய்தார். செனட்டர்கள் வெட்கப்படவில்லை, நாங்களும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தானே என்றார்கள். வாக்கு வாங்காத பிரிட்டனின் பிரபுக்கள் அவை 1909-இல் பட்ஜெட்டை நிராகரித்து மாட்டிக்கொண்டது. 1911 சட்டத்தில் நிதி மசோதாக்களைத் தடுக்கும் உரிமை போயிற்று, மற்ற மசோதாக்களை இரண்டு ஆண்டு தாமதிக்கலாம் என்று சுருங்கியது, 1949-இல் அது ஓராண்டானது. பிரிட்டிஷ் கீழவை இந்த விஷயத்தில் ஏன் தடுமாறுகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். 2003-இல் முழுத் தேர்தல், முழு நியமனம், கலவை என்று வைத்த எல்லா யோசனைகளையும் அது தோற்கடித்தது. 2007-இல் முழுத் தேர்தலுக்குச் சம்மதித்தது, அடுத்த வாரமே பிரபுக்கள் அவை முழு நியமனம்தான் வேண்டும் என்று வாக்களித்தது. 2012-இல் 80 விழுக்காடு தேர்தல், 15 ஆண்டுகள், ஒரே முறை என்று மசோதா வந்தது. என் அட்டவணைக் கணக்குப்படி அதுதான் இருப்பதில் நல்லது. ஆளும் கட்சிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்ப, அரசு அதைக் கைவிட்டது. போட்டியாளரைத் தானே உருவாக்கிக்கொள்ள கீழவைக்கு மனம் வராது.

அதற்காக நியமனத்தில் ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது. எத்தனை பேரை நியமிக்கலாம் என்று வரம்பில்லாவிட்டால் அந்த அவையை ஒரே மாதத்தில் காலி செய்துவிடலாம். நியூசிலாந்தில் 1950-இல் அரசு தன் ஆட்களை மேலவைக்கு நியமித்து, அவர்களைக் கொண்டே அவையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அவர்களுக்குத் 'தற்கொலைப் படை' என்றே பெயர். அதற்கு முன்பே, 1922-இல், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இதே வழியில் தன் மேலவையை மூடியிருந்தது.

குறிப்பில் சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன். செலவு மசோதாவை மறுக்கும் அதிகாரம் வேண்டுமென்றால் அந்த அவையை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் சமரசம் இல்லை. திருத்தம் சொல்லவும் ஓராண்டு தாமதிக்கவும் மட்டும்தான் அதிகாரம் என்றால் நியமனத்தை என்னால் ஏற்க முடியும். ஆனால் உச்ச எண்ணிக்கை சட்டத்தில் இருக்க வேண்டும், நீண்ட பதவிக்காலம் வேண்டும், மறுமுறை கூடாது. சட்டமன்றங்கள் வழியாக வரும் மறைமுகத் தேர்தல்தான் எனக்குக் கொஞ்சமும் ஒட்டாதது. தேர்தலின் பெருமையைச் சொல்லிக்கொள்கிறது, முடிவைக் கட்சி அலுவலகத்தில் எடுக்கிறது.

பெரிய சீர்திருத்தத்துக்குக் காத்திருந்தால் வேலை ஆகாது என்பதையும் உறுப்பினர்களிடம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறேன். கனடாவில் செனட்டர்களை மக்கள் கருத்துக் கேட்டு நியமிக்க வேண்டுமானாலும், மக்கள்தொகையில் பாதியைக் கொண்ட ஏழு மாகாணங்களாவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறிவிட்டது. அதனால் அவர்கள் அரசமைப்பைத் தொடாமல் 2016 முதல் ஆலோசனைக் குழு ஒன்று பெயர்களைப் பரிந்துரைக்கும் ஏற்பாட்டுக்குப் போனார்கள். பிரிட்டனும் 2014-இல் சின்னதாகச் சட்டம் போட்டது. அதன்படி பிரபுக்கள் ஓய்வு பெறலாம், ஒரு கூட்டத்தொடர் முழுக்க அவைக்கு வராதவர் இடத்தை இழப்பார். அதற்கு முன் ஆயுள் முழுக்க உறுப்பினர் என்பதால், விலக நினைத்தாலும் சட்டப்படி விலக வழி இல்லாமல் இருந்தது.