வரைபடத்துக்கு முன்னால் கெரானைப் பாருங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் தோட்டப்புறச் சிறுநகரத்தின் கலாசார மண்டபத்துக்குக் கட்டட வரைபட அனுமதி ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. வீணான ஐந்து மாதங்களில் நான்கு, நிலத்தின் கெரானை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, முதல் நாளே நான் படிக்காததால் போனவை. தோட்ட மண்ணில் பொதுக் கட்டடம் எழுப்ப நினைப்பவர்களுக்கு அந்த இழப்பு நேரக்கூடாது.

தோட்டம் கைமாறியபோது நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட அந்த ஒரு ஏக்கரின் கெரானில் நிலவகை விவசாயம் என்றே இருந்தது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் விவசாயம், கட்டடம், தொழில் என மூன்று நிலவகைகளைக் குறிப்பிடுகிறது. 124ஆம் பிரிவின்கீழ் வகையை மாற்றிக்கொள்ளாமல் விவசாய நிலத்தில் மண்டபம் கட்ட முடியாது. நான் வரைபடத்தை முழுவதும் முடித்துவிட்டுத்தான் நில அலுவலகத்தின் படியேறினேன். கவுண்டரில் இருந்தவர் முதல் முறை கெரான் நகல் போதும் என்றார். அதைக் கொண்டுபோனபோது நிலவரி ரசீது கேட்டார். மூன்றாம் முறை அதிகாரபூர்வ நிலப்பதிவுத் தேடல் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினார். தேவையானவற்றை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு பயணங்கள் மிஞ்சியிருக்கும். நீங்கள் போகும்போது பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த அடி நில அளவையில் விழுந்தது. செலவைக் குறைக்க நாங்களே எடுத்த மட்ட அளவுகளை ஏற்க மறுத்து, உரிமம் பெற்ற நில அளவையாளரின் கையொப்பத்தோடு வரச் சொன்னார்கள். அவர் அளந்தபோதுதான், மண்டபத்தின் கீழ்மூலை பழைய தோட்டக் கானின் (வடிகாலின்) மேலேயே உட்காரவிருந்தது தெரிந்தது. மண்ணைக் கொட்டி மேடாக்கினால், கித்தா (ரப்பர்) மரம் நட வெட்டிய படிவரிசைகள் மறைந்துவிடும். நான் காப்பாற்ற விரும்பியதே அவற்றைத்தான். எனவே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பழைய லயங்கள் சிலவற்றைப் போலத் தரைத்தளத்தைத் தூண்கள் மேல் தூக்கினேன். கான் தன் போக்கில் கீழே ஓடும்.

கூரையின் வடிவத்தை, ரப்பர் பால் எடுக்க மரப்பட்டையில் வெட்டும் பால்வெட்டுக் கோட்டிலிருந்து எடுத்தேன். அந்தக் கோடு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இறங்கிப் பாலை மங்கு என்னும் கிண்ணத்தில் சேர்ப்பதுபோல, ஒற்றைச் சாய்வுக் கூரையின் மழைநீர் தாழ்ந்த மூலைத் தொட்டியில் சேர வேண்டும் என்பது என் எண்ணம். லயத்தில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த பெரியம்மா, பல ஆண்டுகள் பால் வெட்டியவர், அட்டை மாதிரியைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, கோடு மாறிப்போச்சே. இடது பக்கம்தான் ஒசரமா இருக்கணும்.”

அவர் சொன்னதுதான் சரி. மரப்பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றே சாய்ந்து ஏறுவதால், இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டே அதிகக் குழாய்களைத் திறக்கும். அன்றிரவே வாசலிலிருந்து பார்க்கும் முகப்பைத் திருப்பி வரைந்தேன்.

வெளிப்புறச் சட்டங்களுக்கு ரப்பர் மரத்தையே குறித்திருந்தேன், அதுவும் பிழை. பூஞ்சையும் வண்டும் அம்மரத்தை எளிதில் பிடிக்கும், காப்புக்கு ஏற்றும் போரான் உப்பும் மழையில் கரைந்துவிடும் என்று மரக்கடைக்காரர் தடுத்தார். வெளியே செங்கால் என்னும் கடின மரம், உள்ளே மட்டும் ரப்பர் மரம் என்று மாற்றினேன்.

தீயணைப்புத் துறையும் திட்டமிடல் அனுமதியும் தடையின்றி முடிந்தன. முத்திரையிட்ட வரைபடத்தைப் பெரியம்மாவிடம் காட்டினேன். கூரைக் கோட்டின் மேல் விரலை வைத்து, இடமிருந்து வலமாக, தொட்டி வரை இழுத்துப் பார்த்தார்.